கிறிஸ்துமஸ் பரிசு: பதிலுக்குப் பதில் கொடுப்பதை எப்படி நிறுத்துவது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். மாமனார், மாமியார், இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். நால்வருக்கும் திருமணமாகிவிட்டது, பேரப்பிள்ளைகள் ஏழு பேர். கிறிஸ்துமஸுக்கு ஊரில் கூடும்போது ஒவ்வொரு வீட்டாரும் மற்ற எல்லோருக்கும் பரிசு கொடுக்கும் வழக்கம் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துவிட்டது. செலவும் அலைச்சலும் தாங்கவில்லை. யார் மனமும் நோகாமல் இதைக் குறைக்க வேண்டும். ஆனால் நீங்கள் இளைய மருமகள். பேச்செடுத்தால் கஞ்சத்தனம் என்பார்களோ என்று பயம்.

முதலில் கணக்கு. மாமனார் வீட்டையும் சேர்த்து ஐந்து குடும்பம், பெரியவர்கள் 10 பேர். ஒவ்வொரு குடும்பமும் மற்ற வீடுகளிலுள்ள 8 பெரியவர்களுக்கு வாங்கினால் அதுவே 40 பரிசு. ஏழு பிள்ளைகளுக்கும் தாய் தகப்பனை விட்டு மற்ற நான்கு வீடுகளிலிருந்து வருவது 28. மொத்தம் 68. ஒன்று 600 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 40,800 ரூபாய் ஒரே கூடத்துக்குள் கை மாறுகிறது. அதில் பாதிக்கு மேல் பெரியவர்கள் பெரியவர்களுக்குக் கொடுப்பது. உங்கள் ஓரகத்தி கொடுத்த படுக்கை விரிப்பு உறை பிரிக்காமல் உங்கள் பீரோ மேல்தட்டில் இருக்கும். நீங்கள் கொடுத்த கண்ணாடிக் கிண்ணங்கள் அவர் வீட்டுப் பரணில் இருக்கும். இரண்டு பேரும் சமமாகச் செலவு செய்திருப்பீர்கள், இரண்டு பேருக்கும் அது தேவைப்பட்டிருக்காது.

ஆகவே என் பதிலின் சாரத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்குக் கொடுப்பதைக் குறைக்க அவசரப்படாதீர்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர், பால் ஊற்றுகிறவர், ஆலயத்தில் மணி அடிக்கிறவர் இவர்களுக்குக் கொடுப்பதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தட்டில் வைத்து அனுப்பும் முந்திரிக்கொத்தையும் அச்சு முறுக்கையும் நிறுத்தாதீர்கள். குறைய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: சம்பாதிக்கிற பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சரிக்குச் சரி வாங்கிக் கொடுத்துக்கொள்வது. சுமை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. மனத்தாங்கலும் அங்கேதான் பிறக்கிறது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்ப்பது அங்கேதான் நடக்கிறது. மூத்தவளுக்கு என்ன விலையில் சேலை, இளையவளுக்கு என்ன விலையில் என்ற பேச்சு எந்தக் குழந்தையும் பேசுவதில்லை.

இப்படி நினைப்பது நம் காலத்து அங்கலாய்ப்பு மட்டும் இல்லை. 1912-ஆம் ஆண்டு நியூயார்க்கில் எலினார் பெல்மாண்ட், ஆன் மோர்கன் என்ற இரண்டு பெண்கள் ‘பயனற்ற பரிசளிப்பைத் தடுக்கும் சங்கம்’ என்றே ஒன்றைத் தொடங்கினார்கள். கடைகளில் வேலை பார்த்த பெண்கள், கிறிஸ்துமஸ் வந்தால் தங்கள் மேலாளர்களுக்கு விலையுயர்ந்த பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில் இருந்தார்கள். சம்பளமோ சொற்பம். அந்தப் பெண்களே இந்தச் சங்கத்தில் திரளாகச் சேர்ந்தார்கள். முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் உறுப்பினரானார். அவர்கள் எதிர்த்தது பரிசை இல்லை, கொடுக்காவிட்டால் கெட்ட பெயர் வரும் என்பதற்காகக் கொடுக்கும் பரிசை. உங்கள் வீட்டிலும் அந்தக் கோட்டைத்தான் கிழிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து, யார் பேசுவது என்பது. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நீங்கள் பேசக் கூடாது. உங்கள் கணவரும் பத்துப் பேர் நடுவில் பேசக் கூடாது. உங்கள் மாமியார்தான் பேச வேண்டும். அவர் வாயிலிருந்து வந்தால் அது குடும்ப முடிவு. உங்கள் வாயிலிருந்து வந்தால் அது மருமகளின் கணக்கு. நியாயமா என்று கேட்டால் நியாயம் இல்லைதான். ஆனால் நம் வீடுகள் இன்றைக்கு இருக்கும் நிலை அது, அதை அறிந்து நடப்பதில் தவறில்லை.

அவரிடம் தனியாக, அடுப்படியில் வேலையோடு வேலையாகப் பேசுங்கள். செலவைப் பற்றித் தொடங்காதீர்கள். “அத்தை, கிறிஸ்துமஸ் அன்று பரிசு பிரிக்கிறதிலேயே பாதி நாள் போய்விடுகிறது, உங்களோடு உட்கார்ந்து பேசக்கூட நேரமில்லை. பெரியவர்கள் எங்களுக்குள் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒருவருக்குக் கொடுத்துக்கொண்டால் என்ன? சீட்டு நீங்கள்தான் போட வேண்டும், யாருக்கு யார் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்” என்று சொல்லிப் பாருங்கள். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது முகஸ்துதி இல்லை. அவரில்லாமல் இந்த ஏற்பாடு நடக்கவும் நடக்காது. காரணத்தைக் கீழே சொல்கிறேன். மூத்த நாத்தனார் பேச்சுக்கு வீட்டில் மதிப்பு உண்டென்றால், உங்கள் கணவர் தன் அக்காவிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை போட்டு வைப்பது நல்லது.

நேரமும் பார்க்க வேண்டும். டிசம்பரில் இந்தப் பேச்சு எடுபடாது. தீபாவளி விற்பனையிலேயே கிறிஸ்துமஸுக்கும் சேர்த்துத் துணி எடுத்து வைத்துவிடுகிற ஆட்கள் நம்மில் நிறைய. வாங்கி வைத்தவரிடம் வேண்டாம் என்று சொன்னால் அது அவமதிப்பாகவே போய்ச் சேரும். செப்டம்பரில், அல்லது அதற்கு முன் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கோ, சபையார் கூடி உண்ணும் அசனத்துக்கோ எல்லோரும் ஊருக்கு வந்திருக்கும்போது முடிவெடுத்துவிடுங்கள்.

இனி சீட்டு. கல்லூரி விடுதியிலும் அலுவலகத்திலும் ‘கிறிஸ் மா, கிறிஸ் சைல்ட்’ என்று, சீட்டில் வந்த பெயருக்கு உரியவருக்கு ரகசியமாகப் பரிசு கொடுத்து விளையாடியிருப்பீர்கள், அதேதான். ஆனால் குடும்பத்துக்குள் நடத்தும்போது ஒரு சிக்கல் வரும். மாமனார் மாமியாரை விட்டுவிட்டால் நான்கு தம்பதிகள், எட்டுப் பேர். எட்டுப் பெயரைப் பாத்திரத்தில் போட்டு ஆளுக்கொன்று எடுத்தால், யார் கையிலும் சொந்தப் பெயர் வராமலிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 37 தான். கணவனுக்கு மனைவி, மனைவிக்குக் கணவன் பெயரும் வரக்கூடாது என்றால் அது 12-க்கும் கீழே போய்விடும். அதாவது எட்டுத் தடவைக்கு மேல் குலுக்கினால் ஒரு தடவை சரியாக அமையலாம். மூன்றாவது குலுக்கலிலேயே பிள்ளைகள் எழுந்து ஓடிவிடுவார்கள், பெரியவர்களுக்கும் அலுத்துவிடும்.

ஆகையால் வட்டம் போடுங்கள். எட்டுப் பெயரையும் எட்டுத் துண்டுச் சீட்டில் எழுதி, கலைத்து, சாப்பாட்டு மேசைமேல் வட்டமாக அடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனக்கு வலப்பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார். தன் பெயர் தனக்கு வர வழியே இல்லை. கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்துவிட்டால் ஒரு சீட்டை எடுத்து வேறு இடத்தில் செருகினால் போதும். போன வருஷம் யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை ஒரு நோட்டில் குறித்து வைத்தால் அதே ஜோடி மறுபடி வராமலும் பார்த்துக்கொள்ளலாம். வட்டத்தைப் போடுகிறவருக்கு எல்லா ரகசியமும் தெரிந்துவிடும் என்பதால் அவர் சீட்டில் சேராத ஆளாக இருக்க வேண்டும். அதனால்தான் உங்கள் மாமியார் வேண்டும் என்றேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவரும் மாமாவும் வட்டம் போட்டு, எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காதில் சொல்லட்டும். வெளியூரில் இருப்பவருக்குத் தொலைபேசியில் சொல்லலாம். யாராவது “அத்தை, எனக்கு வந்தவருக்கு என்ன வாங்குவதென்றே தெரியவில்லை” என்று நின்றால், யோசனை சொல்வதும் அவர்தான். மருமகன்களுக்கு என்ன பிடிக்கும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

தொகைக்கு மேல் எல்லை வைப்பதோடு கீழ் எல்லையும் வையுங்கள். 500 முதல் 700 என்று வைத்தால் யாரும் 50 ரூபாய்ப் பொருளோடு வந்து நிற்க மாட்டார்கள், யாரும் 5,000 ரூபாய்ப் பொருளால் மற்றவரைக் கூசச் செய்யவும் மாட்டார்கள். எந்தத் தொகை என்பதை வசதி குறைந்த வீட்டை மனத்தில் வைத்து முடிவு செய்ய வேண்டும், அந்த வீட்டாரிடம் முன்பே தனியாகக் கேட்டு. எல்லோர் முன்னிலும் “500 போதுமா?” என்று கேட்டால் யாரும் அதிகம் என்று சொல்ல மாட்டார்கள், தலையாட்டிவிட்டுக் கடன் வாங்குவார்கள்.

என்ன வாங்குவது என்பதிலும் ஒரு வார்த்தை. அமெரிக்கப் பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். மாணவர்களிடம், நீங்கள் பெற்ற பரிசை நீங்களே வாங்குவதாக இருந்தால் என்ன விலை கொடுப்பீர்கள் என்று கேட்டுக் கணக்கிட்டார். கொடுத்தவர் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வாங்கியவர் மதிப்பில் காணாமல் போயிருந்தது. நண்பர்களும் காதலர்களும் கொடுத்தவை பெரும்பாலும் பொருந்தியிருந்தன. பெரியம்மா, மாமா போன்ற உறவினர் தேர்ந்தெடுத்த பொருட்களில்தான் இழப்பு அதிகம். பாசம் குறைவு என்று இதற்குப் பொருள் இல்லை. வருஷத்துக்கு இரண்டு முறை பார்க்கிறவருக்கு நம் அளவும் ருசியும் எப்படித் தெரியும்? பொருளியலாளர் கணக்கில் பாசத்துக்கு விலை போடவில்லை என்று வாதிடலாம், அது சரியான வாதமும்கூட. ஆனால் உங்கள் பீரோ மேல்தட்டைப் பார்த்தால் அவர் சொன்னதிலும் உண்மை இருப்பது தெரியும்.

ஆகவே சட்டை, சேலை வேண்டாம். உடுப்பு அவரவர் குடும்பம் அவரவருக்கு எடுத்துக்கொள்ளட்டும். தையற்காரரிடம் கொடுத்து வாங்கும் பாடும் மிச்சம். தின்று தீர்கிறது, உபயோகித்துத் தேய்கிறது இவைதான் நல்ல பரிசு. உடன்குடிக் கருப்பட்டி, பத்தமடைப் பாய், மணப்பாட்டுப் பனையோலைப் பெட்டி என்று உங்கள் பக்கத்திலேயே எத்தனையோ இருக்கின்றன. சென்னையிலும் பெங்களூரிலும் வளரும் உங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் அந்தப் பாயைத் தொட்டுப் பார்த்திருப்பார்களா தெரியாது.

சீட்டு முறையில் நெதர்லாந்துக்காரர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. அங்கே பரிசு நாள் டிசம்பர் 5 மாலை, புனித நிக்கோலாஸ் திருநாளுக்கு முந்தின இரவு. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட குடும்பங்கள் முன்கூட்டியே சீட்டெடுத்து, பரிசோடு அதைப் பெறுகிறவரைப் பற்றி ஒரு பாட்டும் எழுதி வைப்பார்கள். அந்த வருஷம் அவர் செய்த கூத்துகள் எல்லாம் எதுகையோடு அதில் வரும். பெறுகிறவரே அதை எல்லோர் முன்னிலும் உரக்க வாசித்துவிட்டுத்தான் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இது இன்னும் பொருந்தும். கீர்த்தனை பாடி வளர்ந்த குடும்பத்தில் நாலு வரி எழுத ஆளா இல்லை? எங்கள் வீட்டில் இதைச் சேர்த்த பிறகு பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பதையே பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். எங்கள் சித்தப்பா ஒருவர் தனக்கு எழுதிய பாட்டை மடித்து வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார். அன்றைக்குக் கிடைத்த பொருள் என்னவென்று அவருக்கு நினைவில்லை.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். நாலு வீட்டிலிருந்து நாலு பொம்மை வருவதற்குப் பதிலாக, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா எல்லோரும் சேர்ந்து ஒரு பிள்ளைக்கு ஒன்று. மூன்று வீட்டுப் பணம் சேரும்போது சைக்கிளோ, நல்ல கிரிக்கெட் மட்டையோ, கீபோர்டோ வாங்கிவிடலாம். என்ன வேண்டும் என்று அந்தப் பிள்ளையின் தாயிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாத்தாவும் ஆச்சியும் கொடுப்பது தனி. அதில் யாரும் தலையிடக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளை சீட்டில் பெரியவராகச் சேரட்டும். இதைச் சிக்கனமாக நினைக்க வேண்டாம். தன் பெயரும் வட்டத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று அறிகிற பிள்ளைக்கு அது ஒரு பெருமை.

மாமனார் மாமியாருக்கு நான்கு வீடும் சேர்ந்து ஒன்று. எட்டுப் பெரியவர்களுக்கு எட்டு, பிள்ளைகளுக்கு ஏழும் ஏழும் பதினான்கு, இவர்களுக்கு ஒன்று: 68 இருந்த இடத்தில் 23.

உங்கள் குடும்பத்தில் வளைகுடாவில் வேலை பார்க்கும் அத்தான் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர் எல்லையை மதிக்க மாட்டார் என்றும். அவர் கையைக் கட்டாதீர்கள். வருஷம் முழுவதும் தனியாகக் கிடந்து, ஊருக்கு வரும் அந்த நாளுக்காகச் சேர்த்து வைத்திருப்பவரிடம் 500 ரூபாய்க்கு மேல் கூடாது என்று சொல்வது கொடுமை. வழியை மட்டும் மாற்றிவிடுங்கள். அன்றைக்கு மதியச் சாப்பாடு முழுவதும் அவர் பொறுப்பு என்று விடலாம். மாமாவின் கண் அறுவை சிகிச்சையோ, வீட்டுக்கு ஒரு இன்வெர்ட்டரோ அவர் பெயரில் நடக்கட்டும். பொதுவில் எல்லோருக்கும் பயன்படும் ஒன்றை அவர் செய்தால் யாருக்கும் அது கடனாக வந்து விழாது. திருப்பிச் செய்ய முடியவில்லையே என்று எந்த வீட்டாரும் குன்ற மாட்டார்கள்.

தலைக் கிறிஸ்துமஸைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். இளைய நாத்தனாருக்குப் போன வருஷம்தான் திருமணம் ஆனது என்கிறீர்கள். நம் பக்கத்தில் தலைக் கிறிஸ்துமஸுக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம், துணிமணி, மாப்பிள்ளை வீட்டாருக்குக் கேக்கும் பலகாரமும் என்று பெண் வீட்டார் செய்யும் செலவு, நான் மேலே போட்ட கணக்கை எல்லாம் விழுங்கிவிடும். அதை இந்தச் சீட்டு ஏற்பாட்டோடு சேர்த்துப் பேசாதீர்கள். சேர்த்தால் இரண்டும் கெடும். ஆனால் அதைக் குறைக்கும் அதிகாரம் ஒரே ஒரு தரப்பிடம் இருக்கிறது: வாங்குகிற தரப்பு. பெண் வீட்டார் தாமாகக் குறைத்தால் மகளுக்கு வீட்டில் பேச்சு விழும். மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே ஆள் அனுப்பாமல் தாங்களே போய், “மோதிரம் எல்லாம் வேண்டாம் அண்ணாச்சி, பிள்ளைகள் இரண்டு பேரையும் நாலு நாள் உங்கள் வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டு அனுப்புங்கள், அது போதும்” என்று சொன்னால்தான் அந்தச் சுமை இறங்கும். உங்கள் வீட்டில் மகன்களுக்குப் பெண் எடுத்தபோது யாராவது அப்படிச் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. அடுத்த தலைமுறையில் உங்கள் மகனுக்குப் பெண் எடுக்கும்போது சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பெரியவர்கள் யாராவது, “பண்டிகை என்றால் கொடுக்கல் வாங்கல் இல்லாமலா?” என்று கேட்டால், சண்டைக்குப் போகாமல் வேதத்தையே எடுத்துச் சொல்லலாம். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் பிள்ளை இயேசுவுக்கு வைத்தார்கள், தங்களுக்குள் மாற்றிக்கொள்ளவில்லை. லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் இயேசு விருந்தைப் பற்றிச் சொல்வது இன்னும் நேரானது. சிநேகிதரையும் சகோதரரையும் உறவினரையும் வசதியான அயலாரையும் அழைத்தால் அவர்கள் திரும்ப அழைப்பார்கள், கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். பதில் செய்ய வகையில்லாத ஏழைகளை அழை என்கிறார். உங்கள் மாமா சபையில் மூப்பராக இருந்தவர் என்றால் இந்த வசனம் அவருக்குத் தெரியாமல் இருக்காது. மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை அவர் கையில் கொடுத்து, யாருக்கு என்பதை அவரே முடிவு செய்யட்டும் என்று விடுங்கள். விடுதிப் பிள்ளைகளுக்கு ஒரு வேளை பிரியாணியாக இருக்கலாம், ஊரில் தனியாக இருக்கும் கைம்பெண்ணின் வீட்டுக் கூரையாக இருக்கலாம். பாத்திரத்தில் பிடி அரிசி எடுத்து வைத்துச் சபையை வளர்த்த பெண்களின் பேரப்பிள்ளைகள் நாம். சேர்த்துக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல.

முதல் வருஷம் யாராவது ஒருவர் நிச்சயமாக மீறுவார். ஒத்துக்கொண்டு தலையாட்டிய நாத்தனாரே, “மனசு கேட்கவில்லை” என்று எல்லோருக்கும் ஒரு பொட்டலம் கொண்டு வந்து நிற்பார். சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், முகத்தைச் சுளிக்காதீர்கள். ஆனால் மறுநாள் காலை கடைக்கு ஓடி அவருக்குப் பதிலுக்கு ஒன்று வாங்கி வந்துவிடாதீர்கள், புத்தாண்டுக்குக் கொடுத்துச் சரிக்கட்டவும் நினைக்காதீர்கள். உங்கள் ஓரகத்தியிடமும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நீங்கள் இருவரும் உறுதியாக இருந்தால் அடுத்த கிறிஸ்துமஸுக்கு நாத்தனார் பை ஒரு பொட்டலத்தோடுதான் வரும்.